பத்துக்குப் பத்து அறைக்கு எந்த மானிட்டர்?

"அண்ணா, முப்பதாயிரத்துக்குள்ள நல்லதா ஒரு ஸ்டுடியோ மானிட்டர் சொல்லுங்களேன்."

மாதம் ஒருவராவது இப்படிக் கேட்டுவிடுகிறார். பெரும்பாலும் வீட்டில் ஓர் அறையை ஒழித்து, லேப்டாப், மைக்கையும் ஸ்பீக்கரையும் அதோடு இணைக்கும் இரண்டு இன்புட் உள்ள ஓர் இன்டர்ஃபேஸ் பெட்டி, ஒரு மைக் என்று தொடங்கியிருக்கும் பிள்ளைகள். குரலையும் வாத்தியங்களையும் சரியான அளவில் கலக்கும் மிக்ஸ் வேலையை இதுவரை இயர்போனிலேயே செய்திருப்பார்கள். காரில் போட்டுக் கேட்டால் பேஸ், அதாவது கனத்த கீழ்ஸ்தாயி ஒலி, கொழகொழவென்று வழியும், குரல் எங்கோ பின்னால் போய் நிற்கும். இனி மானிட்டர், அதாவது மிக்ஸ் செய்வதற்கென்றே உள்ள ஸ்பீக்கர், இல்லாமல் முடியாது என்ற முடிவோடுதான் வருவார்கள். நான் பதிலுக்கு, "ரூம் எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்பேன். மாடல் பெயர் கேட்டால் வீட்டு புரோக்கர் மாதிரி விசாரிக்கிறாரே என்று மறுமுனையில் ஒரு சின்ன மௌனம். ஆனால் அது தெரியாமல் எந்த மாடலைச் சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

நம் வாடகை வீடுகளில் கூடுதல் படுக்கையறை என்றாலே பத்துக்குப் பத்து அடி. கூரை உயரமும் ஏறத்தாழப் பத்தடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருக்கும் அறையைப்போல ஒலிக்கு மோசமான அறை வேறு இல்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி மோதித் திரும்பும்போது, அந்தத் தூரத்துக்குப் பொருந்துகிற அலைவரிசை மட்டும் தேங்கி நின்று வீங்கும். பத்தடிக்கு அது சுமார் 56 ஹெர்ட்ஸ். அடுத்தது அதன் இரட்டிப்பு, 113 பக்கம். நீளமும் அகலமும் வேறுவேறாக இருந்தால் இந்த வீக்கங்கள் ஆளுக்கொரு இடத்தில் பிரிந்து விழும். சதுரப் பெட்டி அறையில் மூன்றும் ஒரே இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பேஸ் கிட்டாரில் ஏ தந்தியை அழுத்தாமல் மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். பாட்டில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறையும் கூடவே வாசிக்கும்.

அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கேட்டாலாவது சமாளிக்கலாம். பின்சுவரில் முதுகைச் சாய்த்துக் கேட்டால் கிக் டிரம் நெஞ்சில் இடிக்கும். நாற்காலியை அறையின் நட்டநடுவுக்கு நகர்த்தினால் அதே கிக் காணாமல் போகும். இரண்டும் ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு, ஒரே வால்யூம். நடுவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்பவர் பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். சுவரோரம் உட்கார்ந்தவர் குறைத்துக்கொண்டே போவார். இருவரும் திட்டுவது ஸ்பீக்கரை.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இணையத்தில் நாம் பார்க்கிற விமர்சனங்களில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே பல வீடுகளில் உள்சுவர் என்பது மரச்சட்டத்தின்மேல் அடித்த ஜிப்சம் பலகை. பேஸ் வந்து மோதும்போது அந்தப் பலகை கொஞ்சம் அதிர்ந்து கொஞ்சம் விழுங்கும், மிச்சத்தில் கொஞ்சம் அடுத்த அறைக்குக் கசியும். நமக்கோ பூசிய செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. எதுவும் அசையாது, எதுவும் விழுங்காது. உள்ளே போன பேஸ் கதவு ஜன்னல் வழியாக ஏதோ கொஞ்சம் வெளியேறுமே தவிர, மற்றபடி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே "5 இன்ச் ஊஃபரில் (பேஸை ஒலிக்கும் பெரிய கோன்) பேஸ் போதாது, 8 இன்ச்சே வாங்கு" என்று அங்கிருந்து ஒருவர் சொல்வது அவர் வீட்டுக்கு நியாயமாக இருக்கலாம். நம் பத்துக்குப் பத்தில் 8 இன்ச் மானிட்டர் ஒரு ஜோடி வைத்தால், ஏற்கெனவே வீங்கியிருக்கிற இடத்தில் இன்னும் காற்றடித்ததுபோல் ஆகும். இந்த அறைக்கு 5 இன்ச்தான் என் பதில், மிஞ்சிப்போனால் 6.5. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

5 இன்ச் என்று முடிவானதும் எல்லோரும் ஓடுவது ஸ்பெக் ஷீட் என்கிற விவரப் பட்டியலுக்கு. அதைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். யமஹா எச்எஸ்5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கீழே வரை இறங்கும் என்பதற்குப் பெரிதாகக் கண்ணில் படும் எண் 54 ஹெர்ட்ஸ். அது 10 டெசிபெல் சரிந்த இடம். 10 டெசிபெல் சரிவது என்றால் காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தம். 3 டெசிபெல் மட்டும் சரியும் இடம் எது என்று பார்த்தால் 74 ஹெர்ட்ஸ். யமஹா இரண்டு எண்களையும் கொடுத்துவிடுகிறது. விலை குறைந்த பல பெட்டிகளில் ஒரே ஓர் எண் இருக்கும், அது எத்தனை டெசிபெல் சரிவில் எடுத்தது என்று இருக்காது. அப்படிப்பட்ட எண்ணை நான் படிப்பதே இல்லை. வாட்ஸும் அப்படித்தான். ஒரு காலத்தில் ஹோம் தியேட்டர் பெட்டிகளின்மேல் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சம்) வாட்ஸ் அச்சடித்திருப்பார்கள், நினைவிருக்கும். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து கேட்கிற ஒருவருக்கு எச்எஸ்5-இன் 70 வாட்ஸே அதிகம்.

இப்போது அந்த 54-ஐயும் அறையின் 56-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறை எங்கே தூக்குகிறதோ, அங்கே இந்தச் சின்ன ஸ்பீக்கர் தானாகவே சரிந்துவிடுகிறது. ஓரளவுக்கு ஒன்றை ஒன்று சரிக்கட்டும். முழுக்க அல்ல, தேங்கி ஒலிக்கும் பேஸ் தாமதமாக அடங்குவது அப்படியேதான் இருக்கும். இருந்தாலும் 38 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் எச்எஸ்8-ஐ இதே அறையில் வைத்துக்கொண்டு தவிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஸ்பெக் ஷீட்டில் வராத ஒரு விஷயத்தைத்தான் நான் அதிகம் பார்ப்பேன்: ஸ்பீக்கருக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று கேட்டால் எப்படி இருக்கிறது? ஃபிளாய்ட் டூல் என்கிற ஒலியியல் ஆய்வாளர் கனடாவின் தேசிய ஆய்வுக் கழகத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் பல்லாண்டுகள் இதை ஆராய்ந்தார். எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று தெரியாமல் கேட்கவைத்தால், நேர்முகத்தில் சமமாகவும் பக்கவாட்டில் சீராகக் குறைந்துகொண்டும் போகிற ஸ்பீக்கர்களையே பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அந்த ஆய்வுகளின் சாரம். சின்ன அறையில் இது இன்னும் முக்கியம். உங்கள் காதுக்கு வருவதில் பாதி நேரே வருவதில்லை, பக்கச் சுவரில் பட்டு வருவது. பக்கவாட்டில் கோணலாக ஒலிக்கும் ஸ்பீக்கர் என்றால் அந்தக் கோணலும் சேர்ந்தே வரும். இப்போது இந்த அளவீடுகளை ஸ்பினோரமா என்ற வரைபடமாக இலவசமாகவே இணையத்தில் பார்க்கலாம். எந்த யூடியூப் விமர்சனத்தையும்விட அந்த ஒரு படம் உருப்படியானது.

இந்த விஷயத்தில் ஜே.பி.எல். 305பி மார்க் 2 அதன் விலைக்கு மிஞ்சிய சாமான். மேல்ஸ்தாயியை ஒலிக்கும் சின்ன ட்வீட்டரைச் சுற்றி ஒரு குழிந்த அச்சு இருக்கும். அதே நிறுவனத்தின் பெரிய ஸ்டுடியோ மானிட்டரான எம்2-இலிருந்து இறங்கி வந்த யோசனை அது. தலையை இப்படி அப்படி அசைத்தாலும் குரல் நடுவில் நிற்கும். காலி ஆடியோவின் எல்.பி.-6 இன்னொரு நல்ல பெட்டி, 6.5 இன்ச் ஊஃபர், பேஸ் காற்று வெளியேறும் துளையான போர்ட் முன்பக்கம். ஜே.பி.எல்.-இல் வேலை பார்த்தவர்கள் தொடங்கிய நிறுவனம். சுவரோரம் வைத்தால் எந்த ஸ்விட்ச், மேசைமேல் வைத்தால் எந்த ஸ்விட்ச் என்று பின்பக்கத்திலேயே படம் போட்டிருக்கிறார்கள், அந்த அக்கறை எனக்குப் பிடிக்கும். எச்எஸ்5 கொஞ்சம் கறாரான ஆள். நடு அலைவரிசை முன்னால் நிற்பதால் குரலில் உள்ள குறை உடனே காதில் உறுத்தும். பாட்டு, பேச்சு, குறும்பட டப்பிங் என்று குரலை வைத்தே பிழைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பீட் போடுகிறவர்களுக்கு ஜே.பி.எல்.-ஐச் சொல்வேன். நாலாவதான ஆடம் டி5வி-இன் மேல்ஸ்தாயி துல்லியம் அழகுதான், ஆனால் எச்எஸ்5, ஜே.பி.எல். போலவே போர்ட் பின்பக்கம் இருப்பதால் சுவரை ஒட்டி வைக்க முடியாது. இந்த நாலில் எதை வாங்கினாலும் மோசம் போக மாட்டீர்கள். ஒன்று மட்டும்: கடையிலோ இணையத்திலோ போட்டிருக்கும் விலை ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் பல தனித்தனியாக விற்கப்படுபவை. முப்பதாயிரம் என்று கிளம்பியவர் இங்கேதான் முதலில் தடுக்கி விழுவார்.

எச்எஸ்5-இன் வெள்ளைக் கோனைப் பார்த்ததும் பழையவர்கள் என்எஸ்-10 பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். நல்ல கதை அது. 1978-இல் யமஹா அதை வீட்டு அலமாரியில் வைத்துக் கேட்பதற்காகத்தான் கொண்டுவந்தது. வீட்டு உபயோகத்துக்கு விமர்சகர்கள் அதைக் கழுவி ஊற்றினார்கள். பேஸ் இல்லை, மேலே கூச்சல். பாப் கிளியர்மவுண்டன் போன்ற மிக்ஸிங் எஞ்சினியர்கள் அதை ஸ்டுடியோ மேசைக்குக் கொண்டுவந்தபின் உலகம் முழுக்கப் பரவியது. கூச்சலைக் குறைக்க ட்வீட்டரின்மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டினார்கள். கடைசியில் யமஹாவே 1987-இல் அடக்கமான ட்வீட்டரோடு ஒரு ஸ்டுடியோ பதிப்பு வெளியிட்டது. 2001-இல் உற்பத்தி நின்றது. அவ்வளவு மோசமான ஸ்பீக்கரை ஏன் இவ்வளவு பேர் வைத்திருந்தார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. அது போர்ட் இல்லாத மூடிய பெட்டி. பேஸ் குறைவாக வந்தாலும் வந்த வேகத்தில் அடங்கும். போர்ட் வைத்த பெட்டியில் பேஸ் நிறைய வரும், ஆனால் போர்ட் இசைந்திருக்கும் அலைவரிசையில் கொஞ்சம் இழுபடும். கிக்கும் பேஸும் ஒன்றையொன்று மிதிக்கின்றனவா என்று பார்க்க அந்த அடக்கம் உதவியது. எச்எஸ்5 போர்ட் வைத்த பெட்டி. கோனின் நிறம் மட்டும்தான் பாட்டன் சொத்து. அதை வாங்கினால் என்எஸ்-10 வாங்கியதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, வாங்கியாயிற்று. எங்கே வைப்பது? நான் போய்ப் பார்க்கும் வீட்டு ஸ்டுடியோக்களில் பாதிக்கு மேல் மேசை அறையின் மூலையில் இருக்கும், பிளக் பாயின்ட் அங்கேதான் இருக்கிறது என்பதால். ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் சுவர், இன்னொன்றுக்குப் பக்கத்தில் திறந்த வெளி. இடது பக்கம் பேஸ் ஒரு மாதிரி, வலது பக்கம் வேறு மாதிரி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கி மேசையை ஒரு சுவரின் நடுவுக்குக் கொண்டுவந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. தலை முன்சுவரிலிருந்து நாலடிக்குச் சற்றுக் குறைவாக, அதாவது அறை நீளத்தில் 38 சதவீதத்தில் இருக்கட்டும். அது வேதவாக்கு அல்ல, தொடங்குவதற்கு ஓர் இடம். அங்கிருந்து அரையடி முன்னும் பின்னும் நகர்ந்து, பேஸ் சுரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும் இடத்தைப் பிடியுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே மூன்றடி, ஒவ்வொன்றிலிருந்து உங்கள் தலைக்கும் மூன்றடி. ட்வீட்டர் காது மட்டத்தில். இந்தக் கணக்குப்படி வைத்தால் ஸ்பீக்கரின் முகம் முன்சுவரிலிருந்து ஓர் அடியைக் கொஞ்சம் தாண்டி நிற்கும்.

"சுவரிலிருந்து தள்ளி வை, இரண்டடியாவது விடு" என்று ஓர் அறிவுரை சுற்றுகிறது. பெரிய ஸ்டுடியோவுக்குச் சரி. ஸ்பீக்கர் முகம் முன்சுவரிலிருந்து இரண்டடி என்றால், பின்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் நேரே வரும் ஒலியும் 140 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அங்கே என்ன இருக்கிறது? ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார சட்ஜம் இருக்கிறது. 138 ஹெர்ட்ஸ். கச்சேரி ரெக்கார்டிங்கையோ பக்திப் பாடலையோ இப்படி வைத்துக் கேட்டால், குரல் மெலிந்திருக்கிறதே என்று சட்ஜத்தைச் சுற்றி ஈக்யூவில் (அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் கருவி) தூக்குவீர்கள். கோயில் ஒலிபெருக்கியில் அது ஊதிக்கொண்டு வரும். சுவருக்குக் கிட்டே தள்ளினால் இந்தப் பள்ளம் மேலே 200-ஐத் தாண்டிப் போய்விடும், அங்கே அதை ஒலியை விழுங்கும் கொஞ்சம் கனமான பேனல் வைத்து அடக்கலாம். கிட்டே போனதால் கூடும் பேஸை, எச்எஸ்5 என்றால் பின்னாலிருக்கும் ரூம் கன்ட்ரோல் ஸ்விட்ச்சில் 2 அல்லது 4 டெசிபெல் குறைத்துக்கொள்ளலாம். அந்த ஸ்விட்ச்சை அங்கே வைத்திருப்பதே இதற்காகத்தான். தொட்டே பார்க்காதவர்கள்தான் அதிகம்.

பேனல் என்றதும் முட்டை அட்டை ஞாபகம் வரும். தயவுசெய்து வேண்டாம். அது கிறீச்சென்ற மேல் சத்தத்தை மட்டும் கொஞ்சம் சிதறடிக்கும், தீப்பிடித்தால் நன்றாக எரியும். ஓர் இன்ச் தடிமன் கறுப்பு ஃபோமும் கிட்டத்தட்ட அதே கதைதான். ட்ரெபிளை, அதாவது மேல் சத்தத்தை, மட்டும் தின்றுவிட்டு, பேஸை அப்படியே விட்டு, அறையைப் போர்வைக்குள் பேசுவதுபோல் ஆக்கிவிடும். வேண்டியது ராக்வூல் என்கிற பாறைப் பஞ்சு. மியூசிக் கடையில் கேட்காதீர்கள். ஏசி டக்ட், பாய்லர் வேலை செய்பவர்களுக்கு இன்சுலேஷன் விற்கும் கடையில் 48 கிலோ அடர்த்தி ஸ்லாப் என்று கேட்டால் கிடைக்கும். நாலு இன்ச் தடிமனுக்கு அடுக்கி, இரண்டுக்கு நாலடி மரச்சட்டத்தில் வைத்து, காடாத் துணி போர்த்தி, மூலைகளில் குறுக்காகவும் பக்கச் சுவர்களிலும் நிறுத்துங்கள். பக்கச் சுவரில் எங்கே என்பதற்கு, நண்பர் ஒருவரைக் கண்ணாடி பிடித்துக்கொண்டு சுவரோரம் நடக்கச் சொல்லுங்கள். உங்கள் இடத்திலிருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடியில் எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ அதுதான் இடம். ராக்வூல் தொடும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், ராத்திரி முழுக்க அரிக்கும். நாலு இன்ச் பேனல் 56 ஹெர்ட்ஸை ஒன்றும் பெரிதாகச் செய்துவிடாது, அவ்வளவு நீளமான அலைக்கு அது போதாது. ஆனால் நூற்றுச் சொச்சத்திலிருந்து மேலே அறை கேட்பதற்கு வேறு மாதிரி ஆகிவிடும். முப்பதாயிரத்தில் ஏழெட்டாயிரத்தை இதற்கு ஒதுக்கச் சொல்வேன். அதற்காக ஸ்பீக்கரில் ஒரு படி கீழே இறங்க வேண்டியிருந்தாலும் இறங்கலாம்.

சாஃப்ட்வேர் திருத்தம் பற்றியும் கேட்பார்கள். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற அளவீட்டு சாஃப்ட்வேர் இலவசம். அளவெடுக்கும் மைக் ஒன்று இருந்தால் உங்கள் அறையின் மேடு பள்ளங்களைப் படமாகப் பார்க்கலாம். மேட்டை ஈக்யூவில் வெட்டலாம். பள்ளத்தை நிரப்ப முடியாது: ஒலிகள் அழித்துக்கொள்கிற இடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் அழிந்துகொண்டேதான் இருக்கும், ஆம்ப்தான் மூச்சு வாங்கும்.

பிறகு கரண்ட் சமாசாரம். ஸ்பீக்கரை ஆன் செய்ததும் ம்ம்ம் என்று ஹம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது எர்த்திங். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஹம் போக எர்த் பின்னை உடைக்கச் சொல்லும் மேதைகள் இருக்கிறார்கள், உயிரோடு விளையாட வேண்டாம். இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்கு, வழியில் ஏறும் இரைச்சலைக் கழித்துவிடும் பேலன்ஸ்டு டிஆர்எஸ் கேபிள் போடுங்கள். ரிச்சி தெருவில் கேபிளும் ஜாக்கும் வாங்கி நாமே சால்டர் செய்தால் செலவு மிகக் குறைவு. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமுகிறது என்றால், அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். ஸ்பீக்கரைக் குறை சொல்லாமல் கரண்ட் வரும்வரை டீ குடிக்கலாம். ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் விலை குறைந்த ஆக்டிவ் ஸ்பீக்கர்களில் ட்வீட்டரிலிருந்து உஸ்ஸென்ற ஒரு ஹிஸ் இருக்கும். மூன்றடியில் கேட்கும்தான். சென்னையில் மே மாதம் ஃபேனை நிறுத்திவிட்டு உட்காரும் துணிவு உள்ளவர்களுக்கு மட்டும் அது ஒரு பிரச்சினை. ஃபேன் விஷயத்தில் இன்னொன்று: காற்றுச் சத்தம் மட்டுமல்ல, சுழலும் இறக்கையில் பட்டுத் திரும்பும் ட்ரெபிள் லேசாக நடுங்கும். ரிவெர்ப் (ஒலிக்குப் பின் நீளும் எதிரொலிப்பு) எப்படி அடங்குகிறது என்று கேட்க வேண்டிய அந்தக் கொஞ்ச நேரமாவது நிறுத்திவிடுவது நல்லது.

வால்யூமைக் குறைவாகவே வையுங்கள். கீழ்வீட்டு ஹவுஸ் ஓனருக்காக மட்டும் சொல்லவில்லை. சத்தம் மாறினால் காது பேஸை எடுத்துக்கொள்ளும் விதமே மாறும் என்பதை பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். உரக்க வைத்தால் பேஸும் ட்ரெபிளும் கொழுத்துத் தெரியும், எல்லா மிக்ஸும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். பக்கத்தில் உள்ளவரோடு சாதாரணமாகப் பேச முடிகிற அளவில் ஒரு வால்யூமை முடிவுசெய்து, குமிழில் ஒரு கோடு போட்டு, எப்போதும் அங்கேயே வைத்தால் காது பழகிக்கொள்ளும். முதல் சில வாரங்கள் மிக்ஸ் எதுவும் செய்யாமல், வருஷக்கணக்காகக் கேட்டு மனப்பாடமான பாடல்களை மட்டும் அந்த அளவில் கேளுங்கள். தவில் எவ்வளவு கனமாக வருகிறது, நாகஸ்வரம் எங்கே காதைக் குத்த ஆரம்பிக்கிறது, பின்னணி வயலின்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன, இதெல்லாம் அந்த அறையில் அந்த ஸ்பீக்கரில் எப்படி என்று தெரியாமல், ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடரைத் தொட்டுப் பயனில்லை.

மொத்தமே பதினைந்தாயிரம்தான் கையில் என்றால் ஸ்பீக்கர் வேண்டாம். ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு அறையும் வேண்டாம், ராக்வூலும் வேண்டாம். இடது வலது அகலம் மிகைப்பட்டுத் தெரியும், ரிவெர்ப் அளவு ஏமாற்றும். அதற்கு மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். கூடவே போனின் ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். பாட்டைக் கேட்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதில்தான் கேட்கப் போகிறார்கள். போனில் பேஸ் சுத்தமாக வராது, ஆகவே பேஸ் கிட்டார் அங்கேயும் காதில் விழ வேண்டுமென்றால் அதன் மேல் அலைவரிசைகள் உயிரோடு இருக்க வேண்டும். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் ஆரடோன் என்ற சின்னக் கனசதுரப் பெட்டியை வைத்திருந்தது இதே சோதனைக்குத்தான்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, போனை வைக்கும் முன் பாதிப் பேர் கேட்பது: "அப்போ ஒரு சப்வூஃபரும் சேர்த்து வாங்கிடவாண்ணா?" பத்துக்குப் பத்தில் வேண்டாம் தம்பி. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க ஹெட்போன் போதும். அந்தப் பணத்துக்கு இன்னும் நாலு பேனல் அடித்து மூலையில் நிறுத்து.